பதின்மூன்றாவது பிணத்தின் நாத்தனார்

எனக்கு ரத்தம் ஆகாது. பார்த்தாலும் ஆகாது, கேட்டாலும் ஆகாது, அச்சில் படித்தாலும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னை ஏமாற்றுக்காரி என்று யாரும் தூற்றக் கூடாது. ஏமாற்றினேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மயங்கி விழுவதா, பொய் சொல்வதா என்று வந்தபோது நான் பொய்யின் பக்கம் சாய்ந்தேன். கீழே இருந்தது சிமெண்ட் தரை.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தின் மடிப்பு அறையில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், துண்டுகள் எல்லாம் துவைத்து உலர்ந்து, உருளை இஸ்திரி மெஷினுக்குள் நுழைந்து, அப்பளமாக வெளியே வரும். நாங்கள் பதினோரு பேர் அவற்றை மடித்து அடுக்குவோம். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஓங்கி உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மூக்கோடு மூக்கு இடிக்கிற தூரத்தில் மூலையை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சண்டை போட்ட ஆளோடு ஜோடி சேர்ந்துவிட்டால் அன்றைய பொழுது அவ்வளவுதான்.

எனக்கு ஜோடி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை. கணவர் இறந்த பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், நான்தான் சொல்லி இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

மதியம் இரண்டு மணிக்கு உருளையை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிடுவார்கள். அப்போது அறை அமைதியாகிவிடும், கைமடிப்பு மட்டும் நடக்கும். அந்த நேரத்தில்தான் எங்களுக்குக் கதை. ஒருவர் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பார். மற்றப் பத்துப் பேர் அவருடைய பங்கையும் சேர்த்து மடிப்பார்கள். நான் சேர்வதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம் இது. சட்டம் இரண்டே இரண்டு. கதை கேட்கிறவர் யாராக இருந்தாலும் கை சும்மா இருக்கக் கூடாது. படிக்கிறவரைத் தவிர வேறு யாரும் புத்தகத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது. மீறினால் ஒரு வாரம் ஈர மூட்டை தூக்க வேண்டும். துவைத்துப் பிழிந்த ஓட்டல் துண்டுகள் இருநூறு ஒரே மூட்டையில் இருந்தால் என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களைக் கேட்டால் தெரியும், அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள்.

படிக்கிறவருக்கு ஒரு நாற்காலி உண்டு. அந்த அறையில் இருப்பதே அந்த ஒரு நாற்காலிதான், ஒரு கால் சற்று ஆடும். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கடைசி பெஞ்சின் ஓரம். கல்யாணமான வீட்டில் அடுப்படிச் சுவர். பஸ்ஸில் கம்பி. எனக்கென்று ஒரு நாற்காலி கிடைத்தது முப்பத்தெட்டு வயதில், அங்கேதான். முன்பு படித்துக்கொண்டிருந்த அம்மாள் ஓய்வு பெற்ற அன்று சீட்டு எழுதிப் போட்டு ஆள் எடுத்தார்கள். எனக்கு ஆறு ஓட்டு, என் நாத்தனாருக்கு ஐந்து. அந்த ஐந்தை அவள் இன்னும் மறக்கவில்லை. ஆறில் ஒன்று என்னுடையதே என்பதை நானும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எல்லோரும் என்னை வாத்தியாரம்மா என்கிறார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்தவள் நான், எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புத்தகங்களை நாங்கள் வாங்குவதில்லை. ஓட்டலில் தங்குகிறவர்கள் படித்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள் போலிருக்கிறது, விரிப்போடு சுருண்டு மூட்டைக்குள் புத்தகமும் வந்துவிடும். ஒரு மாதம் வரை யாரும் கேட்டு வராவிட்டால் அது எங்களுடையது. அப்படி வந்த காதல் கதைகள் ஆறு படித்தோம். டிராக்டர் பழுது பார்ப்பது எப்படி என்ற புத்தகத்தைக்கூட விடவில்லை. அதில் கியர் பெட்டி கழன்று விழுகிற இடத்தில் அழுமூஞ்சி அழுதே விட்டாள். அவள் எங்கள் அறையிலேயே இளையவள், தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோல் கண்ணைத் திறப்பாள்.

அதற்கு அடுத்து வந்ததுதான் 'பதின்மூன்றாவது பிணத்தின் பசி'. அட்டையில் பச்சை முகத்தோடு ஒரு பெண், வாயோரத்தில் சிவப்பு, கையில் கோடரி. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'திகில் சூறாவளி' என்று போட்டிருந்தது. பின்னட்டையில் 'இதயம் பலவீனமானவர்கள் தொட வேண்டாம்' என்று எச்சரிக்கை. என் இதயத்துக்கு ஒரு குறையும் கிடையாது, வயிறுதான் பலவீனம். நாற்காலி பறிபோய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு பழைய செய்தித்தாளில் அட்டை போட்டேன்.

முதல் பக்கம் மழையோடு நல்லபடியாகப் போயிற்று. மூன்றாம் பக்கத்தில் போலீஸ் அதிகாரி காபியை எடுத்து வாயருகே கொண்டுபோகிறார். கோப்பைக்குள் ஏதோ மிதக்கிறது. என் கண் வாயைவிட ஒரு வரி முன்னால் ஓடும், அது என் பழக்கம். ஓடிப்போய்ப் பார்த்தது. மிதந்தது ஒரு மனிதக் கண். நரம்போடு.

எனக்குக் காது அடைத்தது. நாற்காலி ஆடியது. எல்லோரும் விரிப்பைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

"கோப்பைக்குள்ளே," என்று வாசித்தேன், "ஒரு பொத்தான் மிதந்தது."

ஏன் பொத்தான் என்று கேட்காதீர்கள், வாயில் வந்தது அதுதான். ஆனால் அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது பாருங்கள்! சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் காணாமல் போன பொத்தானைவிடப் பயங்கரம் உலகத்தில் கிடையாது. பெரியக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பெரியக்கா இந்த அறையில் இருபத்தாறு வருடமாக மடிக்கிறவர், அவர் மடித்த விரிப்பின் ஓரத்தில் விரலை வைத்தால் வெட்டிவிடும்.

"யாரோட பொத்தான்? ஐயோ, சீக்கிரம் படிங்க வாத்தியாரம்மா!"

அவ்வளவுதான், நான் கெட்டேன். அடுத்த பக்கத்தில் கல்லீரல் வந்தது, அதைக் காலுறை ஆக்கினேன். பிணவறையில் பதின்மூன்றாவது பிணம் வெள்ளைத் துணிக்குள்ளிருந்து விருட்டென்று எழுந்து டாக்டரின் கழுத்தைக் கடிக்க வேண்டும். நான் என்ன செய்வேன்? பிணம் எழுந்து உட்கார்ந்து, தன்மேல் போர்த்தியிருந்த துணியைத் தூக்கிப் பார்த்து, "இதை மடிச்சது யாரு? மூலையோட மூலை சேரலையே!" என்று உறுமியது. டாக்டர் பயத்தில் மயங்கி விழுந்தார். பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதே வேகத்தில் பயந்தும் போனார்கள். அன்று மடித்த விரிப்புகளில் ஒன்றுகூடக் கோணல் இல்லை என்று சூப்பர்வைசரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிணத்துக்குக் குடும்பம் எப்படி வந்தது என்பதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. புத்தகத்தில் அது ஊர் பெயர் தெரியாத ஒரு பெண், கொலை செய்வதைத் தவிர வேறு வேலை இல்லாதவள். ரத்தம் வருகிற பக்கங்களை நிரப்ப எனக்குச் சரக்கு வேண்டாமா? வீட்டில் இருந்ததை எடுத்துப் போட்டேன். பீரோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிற கணவர் வந்தார். அவர் பின்னால் நாத்தனார் வந்தாள். பிணத்தைப் பார்க்க வந்த நாத்தனார், அழுவதற்கு முன்னால் ஜன்னல் ஓரத்தில் விரலை ஓட்டித் தூசி பார்த்தாள். பார்த்துவிட்டு, "செத்தாலும் வீட்டைப் பெருக்கிட்டுச் செத்திருக்கலாம்" என்றாள். அதைக் கேட்டுத்தான் பிணத்துக்கே ஆத்திரம் வந்து மறுபடி எழுந்தது.

அறையே அதிர்ந்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள் என் நாத்தனார். "இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா!" என்று சொல்லிக்கொண்டே தலையணை உறையைத் தட்டினாள். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. வீட்டில் அவள் சொன்ன சொல்லுக்கெல்லாம் மறுநாள் இரண்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தேன், அதுவும் அவள் சிரிப்போடு.

வினை ஓர் அட்டை உருவத்தில் வந்தது. புத்தகத்தின் நடுவே செருகியிருந்தது அன்றைக்குப் பார்த்து நழுவி விழுந்தது. 'வாசகர்களே! உங்களை உறைய வைத்த காட்சி எது? உங்கள் மேலான கருத்தை எழுதி அனுப்புங்கள். சிறந்த கருத்துக்குப் பரிசாகத் திகில் சூறாவளி உங்கள் இடத்துக்கே நேரில் வருவார்!' அழுமூஞ்சி அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டாள். அட்டை புத்தகத்துக்கு வெளியே விழுந்ததால் சட்டப்படி அவளைத் தண்டிக்கவும் முடியாது.

அட்டையில் இடம் போதாமல் பின்னால் காகிதம் ஒட்டி எழுதினார்கள். பெரியக்கா, "பிணம் மூலையைச் சரிபார்க்கிற இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுதியவர் கட்டாயம் மடிப்பு வேலை தெரிந்தவர்" என்று எழுதினார். அழுமூஞ்சி, "பிணத்துக்கு யாரும் ஒரு வாய் காபிகூடக் கொடுக்காததை நினைத்து மூன்று நாள் அழுதேன்" என்று எழுதி, எழுத்தின்மேலேயே அழுதும் வைத்தாள். கறைக்காரர் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதினார். எங்களோடு மடிக்கிறவர்தான், எங்களிடம் வருகிற துணிகளில் போகாத கறையைப் போக்குவதும் அவர் வேலை. மை, துரு, ரத்தம் எதுவானாலும் மோந்து பார்த்தே எத்தனை நாள் கறை என்று சொல்லிவிடுவார். "எத்தனையோ கொலைக் கதைகள் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு கொலை நடந்தும் ஒரு சொட்டு ரத்தம் துணியில் படாத கதை இது ஒன்றுதான். கொலைகாரரின் தொழில் சுத்தத்துக்கு என் வணக்கம்."

என் நாத்தனார் கடைசியாகப் பேனாவை வாங்கினாள். "நாத்தனார் பாத்திரம் பிரமாதம். இப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவள் பக்கத்து நியாயத்தையும் ஆசிரியர் எழுதலாம்."

"நானே தபால்ல போட்டுடறேன், குடுங்க" என்று கை நீட்டினேன். வழியில் சாக்கடை ஒன்று இருக்கிறது, அதை மனதில் வைத்துத்தான் கேட்டேன். ஆனால் பெரியக்கா, "உனக்கு எதுக்கு சிரமம்?" என்று சொல்லி டெலிவரி வண்டி டிரைவரிடம் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் எங்கள் விரிப்புகளைச் சரியான ஓட்டலில் இறக்கியதாகச் சரித்திரமே இல்லை. அட்டையை மட்டும் ஒழுங்காகத் தபால் பெட்டியில் போட்டிருக்கிறார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வரும் வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எழுத்தாளர் வருகிறார். கூடவே பதிப்பகத்தார் ஒருவரும் வருகிறார். அறை அமர்க்களப்பட்டது. நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி போய்விடும். வாத்தியாரம்மா என்ற பெயர் போய்விடும். இத்தனை மாதம் இவர்கள் என் பங்கையும் சேர்த்து மடித்தது ஒரு புளுகுணிக்காக என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட, அந்த நாத்தனார் யார் என்று என் நாத்தனாருக்குப் புரிந்துவிடும். பிறகு அவளோடு ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எப்படி நடப்பேன்?

இந்த லட்சணத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சண்டை. நான் கழுவிக் கவிழ்த்து வைத்த டம்ளர்களை எல்லாம் அவள் எடுத்து மறுபடி கழுவினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே! ஏன் என்று கேட்டால், "சும்மாதான் அண்ணி" என்கிறாள். சும்மா யாராவது கழுவின டம்ளரைக் கழுவுவார்களா? ஆத்திரத்தில் எனக்கு வியாழக்கிழமைகூட மறந்துபோனது. புதன்கிழமை கதையில் நாத்தனாரைக் கிணற்றடிக்கு அனுப்பினேன். அவள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள்ளிருந்து பிணத்தின் கை மெல்ல மெல்ல மேலே நீண்டது. மணி அடித்தது. "மீதி நாளைக்கு" என்று புத்தகத்தை மூடினேன். மறுநாள் அவளை உள்ளே இழுத்துப் போட்டு மூடிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன். அன்று என் நாத்தனார் சிரிக்கவில்லை, அதை நான் கவனித்தேன், கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை எழுத்தாளர் வந்தார். அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக ஒருவரை எதிர்பார்த்திருந்தோம். வந்தவருக்கு ஜலதோஷம். ஒல்லியாக, கழுத்தில் மப்ளரோடு, கதவைத் தட்டிவிட்டு "உள்ள வரலாங்களா?" என்று கேட்டார். பின்னால் வந்த பதிப்பகத்தார்தான் திகில் எழுதுகிறவர்போல் இருந்தார்.

கறைக்காரர் அன்பு மிகுதியில், ஆஸ்பத்திரியிலிருந்து அன்று வந்த ஒரு விரிப்பைக் கொண்டுவந்து எழுத்தாளரின் மூக்குக்கு நேரே விரித்தார். நடுவில் சிவப்பாக, பெரிதாக. நான் சட்டென்று கண்ணை எழுத்தாளரின் முகத்துக்கு நகர்த்திக்கொண்டேன்.

"சார், நீங்களே சொல்லுங்க. இது எத்தனை நாள் கறை?"

எழுத்தாளரின் முகம் விரிப்பின் வெள்ளைப் பகுதியைப்போல் ஆயிற்று. இரண்டு பேர் பிடித்து அறையிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் நாற்காலி. வாத்தியாரம்மா ஆன பிறகு முதல் தடவையாக நான் இரண்டு மணிக்கு நின்றுகொண்டிருந்தேன்.

கறைக்காரர் விடவில்லை. "ரத்தமே சிந்தாம பன்னண்டு கொலை! எப்படி சார் யோசிச்சீங்க?"

"சிந்தாமலா?" என்றார் எழுத்தாளர். "என் புத்தகத்துலயா?"

"அந்தப் பொத்தான் யாரோடதுன்னு இன்னும் சொல்லவே இல்லையே சார்" என்றார் பெரியக்கா.

"பிணத்துக்குக் கடைசியிலயாவது காபி குடுப்பாங்களா?" என்று அழுமூஞ்சி மூக்கை உறிஞ்சினாள்.

எழுத்தாளர் திருதிருவென்று விழித்தார். சட்டைப் பையிலிருந்து எங்கள் அட்டையை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. "இதைக் கேக்கத்தான் நானும் வந்தேன்" என்றார் தயங்கித் தயங்கி. "இந்த நாத்தனார் எந்த அத்தியாயத்துல வர்றாங்க?"

"ஏழாவது!" என்று ஒன்பது பேர் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்தேன். என் நாத்தனார் என்னைப் பார்த்தாள்.

பதிப்பகத்தாருக்கு மூக்கு வியர்த்தது. "சார், நான்தான் சொன்னேனே, இது போலிப் பதிப்பு! எவனோ நம்ம அட்டையைப் போட்டு உள்ள வேற எதையோ அச்சடிச்சு விக்கிறான். புத்தகம் எங்கம்மா? யாராவது ஒருத்தர் படிங்க. நேத்து எங்க நிறுத்தினீங்களோ அங்கிருந்து."

"எங்க வாத்தியாரம்மா படிப்பாங்க" என்றார் பெரியக்கா பெருமையாக.

"எப்பவும் படிக்கிறவங்க வேண்டாம். வேற யாராவது."

"நான் படிக்கிறேன்" என்று ஒரு கை நீண்டது. என் நாத்தனாரின் கை.

புத்தகம் என் கையிலிருந்து அவள் கைக்குப் போனது. முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். அடையாளத்துக்கு வைத்திருந்த காலுறையை நீக்கி அவள் பக்கத்தைப் பிரித்தாள். புத்தகத்தில் அந்த இடத்தில் கோடரியும் குடலும் ஒன்றரைப் பக்கத்துக்கு நீள்கிறது, எனக்குத் தெரியும். அவள் கண் ஒவ்வொரு வரியாக இறங்கியது. உதடு வெளுத்தது. எச்சிலை விழுங்கினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"கிணற்றுக்குள்ளிருந்து நீண்ட கையை நாத்தனார் உற்றுப் பார்த்தாள். முதலில் நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்தாள்."

அறை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் வாய் திறந்தே இருந்தது.

"நகம் சுத்தமாகத்தான் இருந்தது. அது அண்ணியின் கை என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டிப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது. பிணம் உள்ளே இழுத்தது. நாத்தனார் வெளியே இழுத்தாள். 'அண்ணி, இழுத்து என்ன பண்ணப் போறீங்க? உள்ள போயும் நான் தூசிதான் பார்ப்பேன்' என்றாள்."

பதிப்பகத்தார் சந்தேகத்தோடு அவள் தோளுக்குப் பின்னால் போய்க் கழுத்தை நீட்டினார். "எட்டிப் பார்க்கக் கூடாது!" என்று ஒன்பது குரல் ஒரே நேரத்தில் எழுந்தது. பெரியக்கா மூலையில் இருந்த ஈர மூட்டையைச் சுட்டிக்காட்டி, "பார்த்தா ஒரு வாரம் அதைத் தூக்கணும். யாரா இருந்தாலும் சரி" என்றார். பதிப்பகத்தார் மூட்டையைப் பார்த்தார். எழுத்தாளர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீங்க சும்மா இருங்க. கேப்போம்."

"பிணம் மேலே வந்து கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தது," என்று என் நாத்தனார் படித்தாள். இப்போது அவள் கண் பக்கத்தில் இல்லை, பக்கத்துக்கு மேலே எங்கேயோ இருந்தது. "நாத்தனார் அதன் சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டாள். 'கழுவின டம்ளரை ஏன் மறுபடி கழுவினே?' என்று பிணம் கேட்டது. நாத்தனார் தலைப்பை இன்னொரு தடவை பிழிந்தாள். பிறகு சொன்னாள். 'அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு வேலையும் இல்ல அண்ணி. சமையல் நீங்க. கடை கண்ணிக்கு அண்ணன். நான் கையை வெச்சுக்கிட்டு எங்க நிக்கிறது? ஏதாவது கழுவிக்கிட்டு இருந்தா, இருக்கேன்னு தோணும்.'"

யாரும் மடிக்கவில்லை. கை சும்மா இருக்கக் கூடாது என்ற சட்டத்தைப் பத்துப் பேரும் சேர்ந்து மீறினோம். அழுமூஞ்சி அழுவாள் என்று திரும்பிப் பார்த்தேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கன்னம் நனைந்திருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது. எனக்கு என்மேலேயே அவ்வளவு கோபம் வந்ததில்லை.

மூன்று மணி அடித்தது. என் நாத்தனார் டப்பென்று புத்தகத்தை மூடினாள்.

"அப்புறம்?" என்றார் எழுத்தாளர். நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டிருந்தார். "அப்புறம் அந்தப் பிணம் என்ன சொல்லுச்சு?"

"சார், நீங்கதானே எழுதினது!" என்றார் கறைக்காரர்.

எழுத்தாளர் என்னைப் பார்த்தார், என் நாத்தனாரைப் பார்த்தார், கையிலிருந்த நைந்த அட்டையைப் பார்த்தார். "ஆமாமா," என்றார். "எழுதி ரொம்ப நாளாச்சு, மறந்துபோச்சு. நாளைக்கு எத்தனை மணிக்குப் படிப்பீங்க?" போகும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாக, "குடல் வர்ற பக்கமெல்லாம் நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தாம்மா எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

உருளை சுழல ஆரம்பித்தது. நானும் என் நாத்தனாரும் ஒரு பெரிய விரிப்பை எடுத்தோம். உதறினோம். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம்.

"எப்பலேருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"பொத்தான் மிதந்துச்சே, அன்னைக்கே."

மூலையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனோம், மறுபடி வந்தோம்.

"அது எப்படி?"

"அண்ணன் சட்டைப் பொத்தான் காபியில விழுந்தப்ப நீங்க போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. சாவியைக் கையில வெச்சுக்கிட்டுத் தேடற ஆளு ஊருல எத்தனை பேர் இருக்காங்க அண்ணி?"

மறுபடி விலகினோம். விரிப்பு பாதியாயிற்று, கால் ஆயிற்று. கிட்ட வந்தபோது எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா நாற்காலி உனக்கு வந்திருக்குமே."

"சொன்னா கதை நின்னுடுமே" என்றாள். மடித்த விரிப்பை என் கையிலிருந்து வாங்கி, மூலைகளைத் தட்டிச் சரிசெய்தாள். "அதுவும் இல்லாம, ஒரு கதையில நான் வர்றது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் திட்டு விழுந்தா விழட்டும்னு இருந்தேன். நேத்துதான் பயந்துட்டேன். நாளைக்கு என்னைக் கொன்னுடுவீங்களா?"

நான் அடுத்த விரிப்பை எடுத்து அவளிடம் இரண்டு மூலையை நீட்டினேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு எழுத்தாளர் சரியாக வந்து நின்றார். சட்டம் சட்டம்தான் என்று பெரியக்கா அவர் மடியில் இருபது தலையணை உறைகளைப் போட்டார். அவர் மடித்த அழகைப் பார்த்துப் பெரியக்கா, "மூலையைப் பத்தி அவ்வளவு எழுதின ஆளா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் நாற்காலியைக் காட்டி என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். "நீங்க உக்காருங்க, எனக்குக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

புத்தகத்தில் அது கடைசி அத்தியாயம். கோடரி ஓங்குகிறது, ஒருவர் மிச்சமில்லாமல் எல்லோரும் செத்துப் போகிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. நான் புத்தகத்தை நன்றாக விரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தேன்.

"அழுமூஞ்சியாக இருந்த யாரோ ஒருத்தி கடைசியில் பிணத்துக்குக் காபி கொண்டுவந்தாள். பிணம் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தது. நாத்தனார் அதை எடுத்து மறுபடி கழுவினாள். பிணம் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளே போய், வீட்டில் இருந்த டம்ளர்கள் எல்லாவற்றையும் எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, துடைக்கிற துணியோடு அவள் அருகே உட்கார்ந்தது."